வானவில்லும் மயில்கழுத்தும்

ஆங்கிலத்தில் 'இரிடெசென்ட்' என்று ஒரு சொல் உண்டு. பொன்வண்டின் முதுகு, சோப்புக் குமிழி, சிடியின் பின்பக்கம், இதெல்லாம் தலையை லேசாகச் சாய்த்தாலே நிறம் மாறுமே, அந்த மினுக்கத்துக்கான சொல். கிரேக்கத்தில் வானவில்லுக்குரிய தேவதை ஐரிஸ். அவள் பேரிலிருந்து வந்தது. தமிழில் இதைக் கொண்டுவருகிறவர்கள் 'வானவில் நிறங்களில் ஒளிரும்' என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லின் வேரைப் பார்த்தால் சரிதான். பொருளைப் பார்த்தால் இடிக்குது.

குற்றாலத்தில் சாரல் சீசனில் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். வெயில் முதுகில் படுகிற மாதிரி நின்று அருவித் தூவானத்தைப் பார்த்தால் வில் தெரியும். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து சுமார் 42 டிகிரியில் சிவப்பு, உள்பக்கம் ஊதா. நாம் நகர்ந்தால் வில்லும் கூடவே நகரும், ஆனா வரிசை மாறாது. அப்படியே வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வாங்க. தேங்கின தண்ணியில் டீசல் படர்ந்திருக்கும். பச்சையாக இருந்த இடம் ரெண்டு எட்டு வச்சதும் ஊதாவாகிடும். முதலாவது, துளிக்குள் புகுந்து திரும்புகிற ஒளி நிறம் பிரிவது. ரெண்டாவது, படலத்தின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்புகிற அலைகளின் குறுக்கீடு. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சால் எப்படி?

திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிப் பக்கம் மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் குறத்தி, தேனருவித் திரை வானம்வரை எழும்பி, சூரியனின் குதிரைக் காலும் தேர்ச்சக்கரமும் வழுக்குவதாகப் பாடுகிறாள். சூரியனும் இருக்கு, தண்ணியும் இருக்கு, வில் இல்லை. அதற்குத் தமிழில் பேர் இல்லாமலா? அகநானூற்றிலேயே 'திருவில்' வருது. வேண்டாத இடத்தில் கவிராயர் அதை இழுக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைய குற்றாலக் கட்டுரைகளில் 'வானவில் ஜாலம்' இல்லாத பத்தியைத் தேடணும்.

நமக்குச் சொல் இருக்கு. ஜவுளிக்கடையில் கேளுங்க: மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், உதாரணமாக நீலத்தில் பச்சை. மடிப்பு விழுகிற இடத்தில் நிறம் மாறும். துணியில் நடப்பது குறுக்கீடு இல்லை, எந்த நூல் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியுது என்பதுதான். ஆனாலும் பேர் வச்ச ஆள் பிடித்தது சரியான குணத்தை. நிஜ மயில் இறகிலோ நீல நிறமியே கிடையாது. மெலனின் நுண்கம்பிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் விதம் காட்டுகிற நீலம் அது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் பழுப்புதான் மிஞ்சும்.

ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத பிரிண்ட் துணிக்கும் இப்போ அதே பேரை ஒட்டி விற்கிறாங்க. வெறுமனே 'மயில்கழுத்து நிறம்' என்று எழுதினால் நீலப்பச்சை என்றுதான் படிப்பார்கள். அதனால் 'மயில்கழுத்தாக மின்னும்' என்று வினையோடு சேர்த்து எழுதிப் பார்க்கிறேன். பொன்வண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துது, டீசல் படலத்துக்கும் பரவாயில்லை. சோப்புக் குமிழிக்குத்தான் இன்னும் முழுசா ஒட்டலை.