யாருடைய விருப்ப ஓய்வு?

பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் இயக்கி 2014இல் வெளிவந்த ‘டூ டேஸ், ஒன் நைட்’ படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சாண்ட்ராவின் துணிச்சலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வேடத்தில் நடித்த மரியான் கோத்தியார் ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். அவருடைய நடிப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு தனிப்பெண்ணின் வீரக்கதையாக இந்தப் படத்தைப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்குறைப்பு செய்யும் நிர்வாகம் தன் கையில் கறை படாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதைப் பற்றிய படம் இது. அந்தக் கறை தங்கள் நட்பின் மேல் படியாமல் தொழிலாளர்கள் எப்படிப் போராடுகிறார்கள் என்பதையும் பற்றியது.

கதை எளிது. சூரிய மின்தகடு செய்யும் ஒரு சிறிய நிறுவனம். சாண்ட்ரா மன அழுத்தத்துக்காக விடுப்பில் இருந்தபோது, பதினேழு பேர் செய்த வேலையைப் பதினாறு பேர் ஓவர்டைம் பார்த்துச் செய்துவிடலாம் என்று நிர்வாகம் கண்டுகொள்கிறது. ஆசியப் போட்டியால் நெருக்கடி என்கிறார் முதலாளி துமோன். பிறகு தொழிலாளர்களிடமே கேட்கிறார்: ஆளுக்கு ஆயிரம் யூரோ போனஸ் வேண்டுமா, சாண்ட்ரா வேண்டுமா? இரண்டே பேர் சாண்ட்ரா பக்கம் நிற்கிறார்கள். அந்த வாக்கெடுப்பில் ஃபோர்மேன் மிரட்டினான் என்று முறையிட்டு, திங்கட்கிழமை ரகசிய வாக்கெடுப்புக்கு வழிசெய்கிறாள் தோழி ஜூலியட். இடைப்பட்ட வார இறுதியில் சாண்ட்ரா ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்ட வேண்டும்.

துமோன் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். போனஸும் சாண்ட்ராவும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்று முடிவு செய்தது அவர். ஆனால் பதில் சொன்ன பாவம் தொழிலாளர்களுடையது. சாண்ட்ரா போகிற வீடுகளில் பலர் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள்: உனக்கு எதிராக நான் ஓட்டுப் போடவில்லை, என் போனஸுக்காகப் போட்டேன். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. படம் எடுக்கப்பட்ட செராங், லியேஜ் அருகே உள்ள எஃகு ஆலை ஊர். லியேஜ் பகுதியின் ஊதுலைகளை நிரந்தரமாக மூடப்போவதாக ஆர்சிலர் மிட்டல் 2011இல் அறிவித்தது. ஆலை போனால் ஊர் என்னவாகும் என்பதை அங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் ‘கேள்வி கேட்கும்’ தந்திரம் நமக்கும் புதிதல்ல. இந்தப் படம் வெளியான அதே 2014இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பகுதி பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வரிப் பிரச்சினையில் ஆலை சிக்கியதால், அந்த ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் சேர்க்கப்படவில்லை. அப்போது தொழிலாளர்கள் முன் வைக்கப்பட்டது வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றபோது மிஞ்சியிருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. டிசம்பரில் அதே வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றுபோனது.

இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு என்ன ஓய்வு? யாருடைய விருப்பம்? வாங்கிக்கொண்டு போகிறாயா, வாங்காமல் போகிறாயா என்பதுதான் உண்மையான கேள்வி. கையெழுத்து அவளுடையது என்பதால், காகிதத்தில் அவள் தானாக விலகியவள். இப்படி மூடப்படும் ஆலையில் கையெழுத்திட்டவளும் இடாதவளும் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தால், முந்தைய நாள்வரை சோற்றைப் பகிர்ந்து உண்டவர்களுக்கு இடையே ‘நீ போட்டுட்டியா?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் அனுபவமும் இதையே சொல்கிறது. நான் ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்த நிறுவனம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. கடைசி வாரத்தில் எங்களுக்கு ஒரு ‘நோ டியூ’ படிவம் தந்தார்கள். ஸ்டோர்ஸ், கேன்டீன், செக்யூரிட்டி என்று பிரிவு பிரிவாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். பிரியாவிடை என்று தனியாக ஒன்று நடக்கவில்லை; கையெழுத்துக்காக நிற்கிற வரிசையில்தான் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதோம். ஆண்களுக்கு அதன் பிறகும் கேட் எதிரே டீக்கடை இருந்தது. அங்கே கூடினார்கள், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேசினார்கள், பி.எஃப். பணத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். எங்களுக்கு டீக்கடையாக இருந்தது கம்பெனிப் பஸ். பஸ் நின்ற நாளிலேயே எங்கள் பேச்சும் நின்றது. சம்பளத்தோடு சேர்த்து, வீட்டைவிட்டு வெளியே வர எங்களிடம் இருந்த காரணமும் போயிற்று. என்னோடு இருந்தவர்களில் மூன்று பேருக்கு அடுத்த தை மாதத்துக்குள் கல்யாணம் முடிந்திருந்தது.

இதை வைத்துப் பார்க்கும்போதுதான் சாண்ட்ரா தட்டும் கதவுகள் முக்கியமாகின்றன. தினமும் அருகருகே நின்று வேலை பார்த்தவர்களின் வீட்டை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஒருவர் வார இறுதியிலும் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறார். இன்னொருத்தி வீட்டில் இருந்துகொண்டே இல்லையென்று குழந்தையைச் சொல்லவைக்கிறாள். திமூர் உடைந்து அழுகிறான். அவன் புதிதாகச் சேர்ந்தபோது செய்த தவறை சாண்ட்ரா தன்மேல் ஏற்றுக்கொண்டதை அவன் மறக்கவில்லை. இதுபோன்ற சின்ன உதவிகளை எந்த நிறுவனமும் கணக்கில் எழுதுவதில்லை. பெண்கள் செய்தால் அதற்கு அரட்டை என்றும் பெயர் வைப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை பெட்டியில் விழுகிற ஓட்டுகள் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

ஆன் என்ற பாத்திரத்தைப் பெண் வாசகர்கள் தவறவிடக் கூடாது. வீட்டைச் சீரமைக்கப் போனஸ் வேண்டும் என்பது அவள் கணவனின் முடிவு. சாண்ட்ரா வந்து கேட்டபோது, தன் ஓட்டைத் தானே முடிவு செய்ய முடியாது என்பது ஆனுக்கு உறைக்கிறது. அவள் சாண்ட்ராவுக்கு ஓட்டுப் போடவும் முடிவு செய்கிறாள்; கணவனை விட்டும் வெளியே வருகிறாள். தொழிற்சாலை ஓட்டும் வீட்டு ஓட்டும் வேறுவேறல்ல என்பதை இயக்குநர்கள் ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

எனக்குக் குறையாகப் படுவது இரண்டு. முதலாவது, சாண்ட்ரா மாத்திரைகளை விழுங்கும் காட்சி. மருத்துவமனைக்குப் போனவள் அன்று மாலையே எழுந்து மீதிக் கதவுகளைத் தட்டப் புறப்படுகிறாள். பெண்ணின் மனநோய் இங்கே கதையைத் திருப்பும் விசையாக மட்டும் பயன்பட்டிருக்கிறது. அதன் எடை அடுத்த காட்சிக்குள் காணாமல் போகிறது. இரண்டாவது ஜூலியட். மறுவாக்கெடுப்புக்கு அடித்தளம் போட்டவள் அவள். படுக்கையிலிருந்து எழ மறுத்தவளைத் துமோன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவளும் அவளே. அமைப்பு கட்டுகிற வேலை அவளுடையது. ஆனால் கேமரா தளர்ந்து விழுகிறவளின் முகத்திலேயே நிற்கிறது; தாங்கிப் பிடிக்கிறவள் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். பெண்ணின் வேதனையைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பெண்ணின் திட்டமிடல் எளிதில் தெரிவதில்லை.

முடிவில் ஓட்டுகள் எட்டுக்கு எட்டு. பெரும்பான்மை இல்லாததால் சாண்ட்ரா தோற்கிறாள். தன் பக்கம் நின்றவர்களுக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறாள். அதன் பிறகு துமோன் கூப்பிட்டு ஒரு வழி சொல்கிறார்: எல்லோருக்கும் போனஸ் உண்டு, அவளுக்கும் வேலை உண்டு, கொஞ்ச நாள் பொறுத்தால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். அவள் பக்கம் ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரான அல்ஃபோன்ஸ் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இருப்பவர். அது வேலைநீக்கம் அல்ல, புதுப்பிக்காமல் விடுவது மட்டுமே என்கிறார் துமோன். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள் சாண்ட்ரா.

இதைத் தியாகம் என்று நான் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினாறு பேரிடம் கேட்ட அதே கேள்வியைத் துமோன் இப்போது அவளிடம் கேட்கிறார். அவள் கேள்வியையே ஏற்க மறுக்கிறாள். ஒப்புக்கொண்டிருந்தால் சற்றுமுன் சொன்ன நன்றி பொய்யாகியிருக்கும். வேலை போன பிறகும் அவளிடம் எஞ்சுவது அந்த எட்டுப் பேரோடு உள்ள உறவு. அதை விலைபேசவிடாமல் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள்.

ஆனால் மறுவாக்கெடுப்பு கிடைப்பதற்குப் பதினேழு பேர் கொண்ட நிறுவனமும், அது தொடர்ந்து இயங்குவதும் தேவைப்பட்டது. ஆலையே மூடப்படும்போது திங்கட்கிழமை என்று ஒன்று வருவதில்லை. தட்ட வேண்டிய கதவுகளும் பல மாவட்டங்களில் சிதறிவிடும். அதனால்தான் மாணவிகளிடம் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கும்போது, சாண்ட்ராவைவிட ஜூலியட்டைக் கவனியுங்கள் என்கிறேன். பஸ் நிற்பதற்கு முன்பே ஒருவருக்கொருவர் வீட்டு முகவரி தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்திருக்கிற ஒருத்தி ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.