பாட்டைப் படமாக்கும் மாணவர்கள்: யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும்

சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் ஒரு மாணவரிடம் பாட்டு வீடியோ ப்ராஜெக்ட் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "பர்ஸ்ட் லுக் விட்டாச்சு சார், டீசர் வெள்ளிக்கிழமை" என்று பதில் வரும். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளையிடம் அதையே கேட்டால், "பாட்டு எழுதி முடிஞ்சுது சேர், இசை போட ஆள் பாக்கிறம்" என்பார். இருவர் கையிலும் இருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பாட்டுக்குக் காணொளி எடுக்க வேண்டும். அந்தப் பாட்டை வெளியே கொண்டுபோகத் தேவையான சுவரொட்டி, உறை, சமூக வலைத்தளப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். ஒருவர் வெளியீட்டிலிருந்து தொடங்குகிறார், மற்றவர் பாட்டிலிருந்து தொடங்குகிறார். இரண்டு ஊர்களின் பலமும் பலவீனமும் இந்தத் தொடக்கத்திலேயே இருக்கின்றன.

இந்தப் பயிற்சிக்குத் தெளிவான ஒரு வடிவம் தந்தது பிரித்தானியாவின் ஓசிஆர் தேர்வு வாரியம். 2008 முதல் பல ஆண்டுகள் அது நடத்திய ஏ லெவல் ஊடகக் கற்கையின் ஒப்படைகளில் ஒன்றில், ஒரு பாடல் காணொளியோடு, இசைத்தட்டு உறை, இசைக்குழுவின் இணையதள முகப்பு, இதழ் விளம்பரம் ஆகிய மூன்றில் இரண்டைச் செய்துதர வேண்டியிருந்தது. மொத்தம் 100 புள்ளிகளில் காணொளிக்கு 40. துணை வேலைகள் இரண்டுக்கும் பத்துப் பத்து. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20. செய்து முடித்தபின் தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. அந்த மதிப்பீட்டில் வந்த கேள்விகளில் ஒன்று, காணொளியும் துணை வேலைகளும் ஒன்றாகச் சேர்ந்து எவ்வளவு எடுபட்டன என்பது. இன்னொன்று, பார்த்தவர்கள் சொன்னதிலிருந்து என்ன கற்றாய் என்பது. 60 புள்ளிகள் காணொளிக்கு வெளியே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தப் பாடத்தை நேரடியாகப் படித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் நம் கல்லூரிகளில் நடக்கும் வேலையை வைத்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு மாணவருக்குப் பக்கத்திலேயே சினிமா இருக்கிறது. லயோலா போன்ற கல்லூரிகளில் வளர்ந்து இன்று சிறு நகரங்கள்வரை போய்விட்ட விஸ்காம் படிப்பும், பி.சி.ஸ்ரீராம் போன்ற ஒளிப்பதிவாளர்களை உருவாக்கிய அரசு திரைப்படக் கல்லூரியும் அந்தத் தொழிலின் நிழலிலேயே நிற்கின்றன. வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் கமெராவும் லென்சும் லைட்டும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். எப்படி எடுப்பது என்று சொல்லித்தர உதவி இயக்குநராக வேலை பார்க்கும் ஒரு சீனியர் எப்போதும் இருப்பார்.

இதன் பலனை ஒரு சின்ன விஷயத்தில் காணலாம். பாடுபவர் மெதுவாக, மிதப்பது போல நடந்துவர வேண்டும், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். இதற்குப் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்க விடுவார்கள். நடிப்பவர் அந்த வேகத்துக்கே வாயசைப்பார். கமெரா வினாடிக்கு 48 பிரேமில் ஓடும். பிறகு அதை 24 பிரேமில் ஓட்டினால் உடல் அசைவு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், உதடோ உண்மையான பாட்டின் வேகத்துக்கு வந்து நிற்கும். முகம் கோணாமல் இரட்டை வேகத்தில் வாயசைப்பது லேசான காரியமல்ல. ஒரு சரணத்துக்கே பத்துத் தடவை எடுக்க வேண்டிவரும். கோடம்பாக்கம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் இந்த வித்தையை இரண்டாம் ஆண்டு மாணவர் சர்வசாதாரணமாகச் செய்கிறார். எடிட்டிங்கிலும் கலர் கரெக்‌ஷனிலும் அதே தேர்ச்சி. மோஷன் போஸ்டர், லிரிக்கல் வீடியோ, ரீல்ஸுக்கான ஸ்டெப் என்று விளம்பரத் தொகுப்பில் எதுவும் விடுபடுவதில்லை.

ஆனால் பாட்டு யாருடையது? இந்தக் கேள்விதான் அங்கே இடறுகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிய சினிமாப் பாட்டுக்கு மறுபடி ஒரு காணொளி எடுக்கிறார்கள், இல்லையென்றால் அதே சாயலில் ஒரு காதல் தோல்விப் பாட்டு. போஸ்டரில் இயக்குநர் பெயர் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பந்தல் போட்டபிறகு மாப்பிள்ளை தேடுவது போல இருக்கிறது இந்த வேலை. இசைக் கலைஞர் ஒருவரை இன்னார் என்று காட்டி, கேட்பவருக்கு அவரைப் பிடிக்கச் செய்வதுதான் பாடல் காணொளியின் முதல் வேலை. சினிமாவில் பாட்டு, படத்துக்கு ஆள் சேர்க்க வருகிறது. கல்லூரி மாணவர் அந்தப் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டதால், இல்லாத படத்துக்கு டீசர் விடுகிறார்.

இலங்கையில் நிலைமை வேறு. க.பொ.த. சாதாரண தரத்திலேயே தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை எல்லாம் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் சென்னை போல ஒரு தமிழ்த் திரைத்தொழில் இங்கே இல்லை. கமெராவும் ட்ரோனும் வேண்டுமானால் கல்யாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் படம் பிடிப்பவரிடம்தான் போக வேண்டும், அதுவும் அவருக்கு முகூர்த்தம் இல்லாத நாளில். படப்பிடிப்புக்கு யாழ்ப்பாணக் கோட்டை, காரைநகர் கசூரினாக் கடற்கரை, மட்டக்களப்பு என்றால் கல்லடிப் பாலம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில்கூட, மடிக்கணினியின் மின்கலம் தீருவதற்குள் தொகுத்து முடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இல்லாமை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பாட்டை யாரோ தரப்போவதில்லை என்பதால் தாங்களே உண்டாக்குகிறார்கள். இசை படிக்கும் சக மாணவி பாடுகிறார், மிருதங்கம் படிப்பவர் தாளம் தருகிறார், கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர் வசந்தன் கூத்துப் பாட்டு மெட்டொன்றைக் கொண்டுவருகிறார். சொல்லும் விஷயமும் வீட்டுப் பக்கத்திலிருந்தே வருகிறது: மீன்பிடி, வெளிநாடு போன அண்ணன், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு. படத்தின் துல்லியம் குறைவாக இருக்கலாம், ட்யூப் லைட் சிமிட்டலுக்கு ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடிக்கு மாற்ற மறந்திருக்கலாம். ஆனாலும் இது இன்னாருடைய பாட்டு என்பதில் சந்தேகம் வராது.

விளம்பரம் என்று வரும்போது இவர்களுக்குத் தெரிந்த வழி வெளியீட்டு விழா. கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் இறுவட்டு வெளியீட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, பிறகு முதற் பிரதி. ஊரில் பெயருள்ள ஒருவர் அதை ஒரு கடித உறையோடு வந்து பெற்றுக்கொள்வார். அதன்பின் சிறப்புப் பிரதிகள், கடைசியில் ஏற்புரையும் நன்றியுரையும். உறையின் முன்பக்கத்தில் கோபுரம், பின்பக்கத்தில் பாடல் வரிசை, கீழே அனுசரணை தந்த புலம்பெயர் உறவின் பெயரும் நாடும். ஓசிஆர் கேட்ட இசைத்தட்டு உறை இங்கே பாடப்புத்தகப் பொருளல்ல. தட்டை ஓட்டும் கருவி வீட்டில் இல்லாதவர்கூடக் காசு கொடுத்து வாங்கும் உயிருள்ள பொருள். விபுலாநந்தரின் இசை ஆய்வு நூலான யாழ்நூல்கூட 1947இல் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறித்தானே உலகுக்கு வந்தது. பலர் கூடி ஒரு படைப்பை ஏற்றுக்கொள்வது நம்மிடம் பழைய வழக்கம், அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறை என்னவென்றால், அன்று மாலையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அந்தப் பாட்டை யார் கேட்கப்போகிறார், எங்கே கேட்கப்போகிறார் என்ற திட்டமே இருப்பதில்லை. யூடியூப்பில் ஏற்றுவார்கள், முகநூலில் உறவினர் வாழ்த்துவார்கள், அவ்வளவுதான். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருப்பவர் எந்த நேரத்தில் கைபேசியைத் திறக்கிறார், சிங்கள நண்பர் பார்த்தால் புரிவதற்குத் துணைவரி வேண்டாமா என்றெல்லாம் ஒப்படையில் யாரும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் பாட்டைக் கேட்பவரிடம் கொண்டுசேர்க்கும் கலையில் இலங்கைதான் முன்னால் நின்றது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது, இந்தியாவின் கேட்போர் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. அமீன் சயானி அங்கே நடத்திய பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி அந்த ஆண்டில்தான் தொடங்கியது. தமிழ்ச் சேவை பாக்கு நீரிணை தாண்டித் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லி ஒலிபரப்புவது அங்கே வழக்கமாக இருந்தது. மதுரையிலிருந்த ஒரு பையனுக்குப் பாடலாசிரியர்களின் பெயர்கள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தன.

இன்றைய மாணவர்கள் இரு கரையிலும் பார்த்தே ஆக வேண்டிய இரண்டு காணொளிகள் உண்டு. ஒன்று, 2011 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ஒய் திஸ் கொலவெறி டி'. முழுமையடையாத பாட்டு முன்கூட்டியே கசிந்துவிட்டதால் அவசரமாக வெளியிடப்பட்டது அது. மற்றது, 2021 மே மாதம் யொஹானியும் சதீஷன் ரத்நாயக்கவும் பாடிய 'மெனிகே மகே ஹிதே'. இதன் மூலப்பாட்டு 2020இலேயே வந்துவிட்டது. சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத இந்தியர்களின் வாயில் இந்தப் பாட்டு ஏறியது. இரண்டு காணொளிகளிலும் கடற்கரை இல்லை, ட்ரோன் இல்லை, கதையும் இல்லை. பாடுபவர் ஒலிவாங்கிக்கு முன்னால் பாடுகிறார், அவ்வளவுதான். அந்த முகமும், பாடும்போது தெரியும் இயல்பும்தான் கேட்பவரைப் பிடித்தன. இதைப் பார்த்தபிறகும் சென்னை மாணவர் வாடகைப் பணத்தை ட்ரோனுக்குக் கொடுப்பதும், யாழ்ப்பாண மாணவர் அதே ட்ரோன் கிடைக்கவில்லையே என்று மனம் சோர்வதும் எனக்கு வருத்தம் தருகின்றன.

மூன்றாவது பாட்டொன்றும் இருக்கிறது, அது இரண்டு நாட்டுக்கும் பொதுவானது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருக்கிறது; பாட்டை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி அவர். அதே ஆண்டில் ஒரு இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று பெரும் விவாதம் எழுந்தது. 2022இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியபோது அது மறுபடி எழுந்தது. விளம்பரத் தொகுப்பு என்பது அழகு பார்க்கும் வேலையல்ல என்பதை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. அட்டையில் யார் முகம், எந்த வரிசையில் யார் பெயர் என்பது உழைப்பையும் வருமானத்தையும் தொடும் விஷயம்.

உரிமை பற்றி இரு பக்கமும் அலட்சியம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, கல்லூரிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னால் ஒரு பாட்டை நிகழ்த்திக் காட்ட இடமுண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கற்பித்தலுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதையே யூடியூப்பில் ஏற்றினால் இந்த நிழல் போய்விடும். சினிமாப் பாட்டென்றால் இசை நிறுவனத்தின் உரிமைக்கோரிக்கை தானாகவே வந்து விழும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் ஒரு பெரிய கொடை காத்திருக்கிறது. பாரதி, பாரதிதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை நாட்டுடைமை, யாரிடமும் கேட்காமல் இசையமைக்கலாம். இலங்கையில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. அங்கே எழுதியவர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமை நீள்கிறது, இந்தியாவில் 60 ஆண்டு. ஆகவே ஈழத்துக் கவிஞர் ஒருவரின் கவிதையை எடுக்கும் மாணவர் அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய்க் கடிதம் வாங்க வேண்டும். அந்தத் தேடலும் படிப்புத்தான்.

இந்த ஒப்படையைக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் சில கோரிக்கைகள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சினிமாப் பாட்டை இந்த வேலையிலிருந்து விலக்கி, தன் ஊரில் பாடும் ஒருவரைக் கண்டுபிடித்து வருவதற்கே முதல் மதிப்பெண் கொடுங்கள். கானா பாடுபவரும் ஒப்பாரி பாடுபவரும் கல்லூரி வாசலுக்கு வெளியேயே இருக்கிறார்கள். இலங்கையில் இருப்பவர்கள் வெளியீட்டு விழாவை விட்டுவிட வேண்டாம். ஆனால் விழா முடிந்து ஒரு மாதம்வரை பாட்டு யாரைப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதித் தரச் சொல்லிப் புள்ளி போடுங்கள். இரு பக்கத்தவரும், பாடியவர், எழுதியவர், இசைத்தவர், நடித்தவர் எல்லோரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்தக் காணொளியையும் திருத்த எடுக்காதீர்கள்.