வைடால் சோதனையும் காய்ச்சலின் பெயரும்

சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும் மழைக்காலம். தஞ்சை வட்டாரத்தில் ஒருவருக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. இரத்தம் சோதிக்கிறார்கள். 'வைடால் 1:160' என்று சீட்டு வருகிறது. உடனே 'டைபாய்டு' என்று தீர்ப்பாகிவிடுகிறது. வாசகர்களே, இந்தத் தீர்ப்பு சரிதானா?

பிரெஞ்சு மருத்துவர் வைடால் 1896-இல் வெளியிட்ட முறை இது. நோயாளியின் சீரத்தை டைபாய்டுக் கிருமிகளுடன் சேர்த்தால், எதிர்ப்பொருள் இருக்குமானால் கிருமிகள் திரளும். 160 மடங்கு நீர்த்த சீரத்திலும் திரண்டால் அது 1:160. எளிய முறை, மலிவும்கூட. ஆனால் அது காட்டுவது கிருமியை அன்று, கிருமியின் தடயத்தை. என்றோ வந்த டைபாய்டும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும், உறவுடைய வேறு கிருமிகளும் அத்தடயத்தை விட்டுச் செல்லக்கூடும்.

மேட்டூரில் இன்று 90 அடி என்றால் நம் விவசாயி என்ன கேட்பார்? "நேற்று எவ்வளவு?" என்பார். அணை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒற்றை எண் சொல்லாது. வைடாலிலும், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி சோதித்து, அளவு நான்கு மடங்கு ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க யார் வருகிறார்கள்?

தவறான பெயர் மற்ற நோய்களை மறைத்துவிடும் என்பதே என் கவலை. வயலெலியின் சிறுநீரிலுள்ள லெப்டோஸ்பைரா, சேற்றுப்புண் வழியாகவும் உடலுக்குள் புகும். புதர்களிலுள்ள நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ். கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு சிலருக்கு இருக்கும். அக்குளிலும் இடுப்பிலும் தேடினால்தான் தெரியும். டைபாய்டுக்குப் போடும் செப்ட்ரையாக்சோன் ஊசி இதற்கு உதவாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 7 மையங்களில் 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நோய் கடுமையானால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவதே மேல் என்று அது காட்டியது. நோயாளி 'டைபாய்டு' கணக்கில் படுத்திருந்தால் அந்த மருந்து அவருக்கு எப்படிக் கிடைக்கும்?

சிற்றூர் மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி; அதற்கு வசதியும் சில நாட்களும் வேண்டும். எனினும் ஒற்றை வைடாலை நம்பி எழுதிய பெயர்கள் புள்ளிவிவரத்தில் ஏறினால், இங்கே எந்தக் கிருமி எவ்வளவு என்ற ஆராய்ச்சியும் வழி தவறும்.

அடுத்த முறை வைடால் சீட்டோடு மருத்துவர்முன் உட்காரும்போது, எத்தனை நாள் சேற்றில் இறங்கினீர்கள் என்பதையும், உடம்பில் பொருக்கு ஏதும் உண்டா என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள்.