ரிட்டர்ன் டு ஓஸ்: நம்பப்படாத டோரதி

ரிட்டர்ன் டு ஓஸ், வால்ட் டிஸ்னி நிறுவனம் 1985 ஜூனில் வெளியிட்ட அமெரிக்க மிகைபுனைவுத் திரைப்படம். எல். பிராங்க் பாம் எழுதிய ஓஸ் நூல்வரிசையின் இரண்டாவது, மூன்றாவது நாவல்களான 'தி மார்வலஸ் லேண்ட் ஆஃப் ஓஸ்' (1904), 'ஓஸ்மா ஆஃப் ஓஸ்' (1907) ஆகியவற்றைக் கலந்து இதன் திரைக்கதை அமைக்கப்பட்டது. இயக்கியவர் வால்டர் மர்ச். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் ஒலியமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். இயக்குநராக அவர் எடுத்த ஒரே முழுநீளப் படம் இதுதான்.

ஏறத்தாழ 2.8 கோடி டாலர் செலவில் உருவான படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 1.1 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. குழந்தைகளைப் பயமுறுத்துகிறது, இருண்டிருக்கிறது, பாட்டு இல்லை என்று விமர்சகர்கள் பலர் குறைகூறினர். பின்னாளில் வீடியோ வழியாக இதற்கென ஒரு ரசிகர் கூட்டம் உருவானது. அவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1939-ல் எம்ஜிஎம் எடுத்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' தான் மூலத்திலிருந்து விலகியது, மர்ச்சின் படமோ பாமுக்கு உண்மையானது. இந்தப் பதிலில் பாதிதான் சரி. எஞ்சிய பாதியில்தான் படத்தின் உண்மையான சிறப்பு இருக்கிறது.

சரியான பாதி தோற்றத்தில் உள்ளது. கடிகாரச் சாவி கொடுத்தால் இயங்கும் உருண்டை மனிதன் டிக்-டாக், பூசணித்தலை ஜாக், சோபாக்களைக் கட்டி மான் போன்ற ஒரு விலங்கின் தலையைப் பொருத்திப் பறக்கவிட்ட கம்ப் ஆகியோர் ஜான் ஆர். நீல் வரைந்த ஓவியங்களிலிருந்து எழுந்து வந்தவர்கள் போலவே இருக்கிறார்கள். டோரதியாக நடித்த பெரூசா பால்க்குக்குப் படப்பிடிப்பின்போது வயது ஒன்பது. ஜூடி கார்லண்ட் அந்தப் பாத்திரத்தில் நடித்தபோது அவருக்குப் பதினாறு. பாமின் டோரதி சின்னஞ்சிறுமி. அந்த வகையில் மர்ச்சின் தேர்வே நூலுக்கு நெருக்கமானது.

ஆனால் பாம் தன் முதல் நூலின் (1900) முன்னுரையில், பழைய தேவதைக் கதைகளின் மனவேதனையையும் கொடுங்கனவுகளையும் விலக்கிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புவதாகக் கூறியவர். அந்த வாக்கை அவரே முழுதாகக் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். எப்படியிருந்தாலும் மர்ச்சின் படத்தில் மிக அச்சமூட்டும் பகுதி பாமிடம் இல்லவே இல்லை. அது ஓஸ் நாட்டில் நடப்பதும் அல்ல.

சூறாவளிக்குப் பின்

படம் 1899 அக்டோபரில், கான்சாஸில் தொடங்குகிறது. சூறாவளி வந்துபோய் ஆறு மாதம் ஆகிவிட்டது. ஹென்றி மாமா கட்டத் தொடங்கிய புதிய வீடு பாதியில் நிற்கிறது. அவர் கால் உடைந்து வேலை செய்ய முடியாமல் இருக்கிறார். டோரதி இரவில் தூங்குவதில்லை. பகலெல்லாம் ஓஸ் நாட்டைப் பற்றியும், அங்கே விட்டுவந்த சோளக்கொல்லை பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் பற்றியும் பேசுகிறாள். வயல் வேலைக்கு ஆள் வேண்டும், கையில் காசில்லை, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை வேறு. எம் அத்தை அவளை வண்டியில் ஏற்றி, மின்சாரத்தால் மனநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யும் மருத்துவர் வொர்லியிடம் அழைத்துச் செல்கிறாள். நாய் டோட்டோ சிறிது தூரம் வண்டியின் பின்னால் ஓடிவருகிறது.

வொர்லி கடுமையாகப் பேசுபவரல்ல என்பதுதான் இந்தக் காட்சியின் வலிமை. டோரதி சொல்வதையெல்லாம் புன்னகையுடன் கேட்டுக்கொள்கிறார். தன் இயந்திரத்தைக் காட்டி அதற்கு ஒரு முகம் இருப்பதாக விளையாட்டாகச் சொல்கிறார். கண், மூக்கு, வாய் எங்கே என்று சிறுமியையே தேடச் சொல்கிறார். இரவானதும் அதே சிறுமி வார்ப்பட்டைகளால் ஸ்ட்ரெச்சரில் கட்டப்படுகிறாள். அதன் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே நடைக்கூடத்தில் உருள்கிறது. கீழ்த்தளத்திலிருந்து யாரோ அலறும் சத்தம் கேட்கிறது. இயந்திரத்தை இயக்கும் வேளையில் இடி விழுந்து மின்சாரம் நின்றுபோகிறது. பெயர் சொல்லாத மற்றொரு சிறுமி வந்து கட்டுகளை அவிழ்க்கிறாள். இருவரும் மழையில் ஓடி, வெள்ளம் பெருகிய ஆற்றில் விழுகிறார்கள்.

(மூளைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் சிகிச்சை 1938-ல் இத்தாலியில்தான் தொடங்கியது, எனவே இது காலப்பிழை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மின்சாரத்தை உடலில் செலுத்திச் சகல நோய்களையும் தீர்ப்பதாகச் சொல்லும் கருவிகள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தாராளமாக விற்கப்பட்டன. வொர்லி அந்த மரபைச் சேர்ந்தவர்.)

1890-களின் விஸ்கான்சின் மாநிலத்து நாளிதழ்ச் செய்திகளையும் பழைய புகைப்படங்களையும் தொகுத்து மைக்கேல் லெசி 1973-ல் வெளியிட்ட 'விஸ்கான்சின் டெத் டிரிப்' என்ற நூல் மர்ச்சைப் பாதித்த ஒன்று. வறுமையும் தனிமையும் தொற்றுநோய்களும் மனச்சிதைவும் நிறைந்த நாட்டுப்புற அமெரிக்காவின் ஆவணம் அது. படத்தின் கான்சாஸ் அந்த நிலத்தைச் சேர்ந்தது.

எம்ஜிஎம் படத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் மர்ச் என்ன செய்கிறார் என்பது தெளிவாகும். பாமின் முதல் நாவலில் ஓஸ் உண்மையான நாடு. டோரதி திரும்பி வருகிறாள், அத்தை அணைத்துக்கொள்கிறாள், எங்கிருந்து வந்தாய் என்கிறாள், ஓஸிலிருந்து என்று இவள் பதில் சொல்கிறாள், கதை முடிகிறது. அவளை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 1939 படம் அதைக் கனவாக மாற்றியது. கட்டிலில் கண்விழிக்கும் டோரதி தான் போய்வந்த இடத்தைப் பற்றிச் சொல்ல, சுற்றி நிற்கும் பெரியவர்கள் அன்போடு சிரித்துத் தலையாட்டுகிறார்கள். பார்வையாளரும் அவர்களுடன் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ஆறு மாதம் கழித்து என்னவாகும் என்பதே மர்ச்சின் கேள்வி. குழந்தை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை என்றால், அதே அன்பு அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும். எம் அத்தையாக நடித்த பைப்பர் லாரி முகத்தில் கொடுமையின் சாயல் துளியும் இல்லை. அதனால்தான் அந்த வண்டிப் பயணத்தைப் பார்ப்பது கடினமாக இருக்கிறது.

ஓஸ் நாட்டில்

வெள்ளத்தில் மிதந்த கோழிக்கூண்டில் டோரதி விழித்தெழும்போது, வீட்டுக் கோழி பில்லினா பேசத் தொடங்கிவிடுகிறது. அவர்கள் வந்து சேர்ந்த ஓஸ் பாழடைந்து கிடக்கிறது. மஞ்சள் செங்கல் பாதை பெயர்ந்திருக்கிறது, மரகத நகரத்து மக்கள் கல்லாகிவிட்டார்கள், சோளக்கொல்லை பொம்மையை நோம் அரசன் பிடித்து வைத்திருக்கிறான்.

இங்கே மர்ச் எம்ஜிஎம் படத்தின் பழைய உத்தியைக் கையாள்கிறார். வொர்லியாக நடித்த நிக்கோல் வில்லியம்சன்தான் நோம் அரசன். தலைமைச் செவிலியாக வந்த ஜீன் மார்ஷ் சூனியக்காரி மொம்பியாகிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர், கைகால்களுக்குப் பதில் சக்கரம் கொண்ட வீலர்களின் தலைவனாக வருகிறார். ஆனால் முகங்களைவிட ஒலிகளே இங்கு அதிகம் வேலை செய்கின்றன. ஸ்ட்ரெச்சரின் கிறீச் ஒலி வீலர்கள் துரத்திவரும்போது மறுபடி கேட்கிறது. மருத்துவமனை இரவின் அச்சம் எந்த விளக்கமும் இல்லாமல் ஓஸ் நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஒலிக்கலைஞர் ஒருவர் இயக்கிய படம் என்பது இத்தகைய இடங்களில் தெரிகிறது.

மொம்பி பாமின் இரு பாத்திரங்களை ஒட்டவைத்து உண்டாக்கப்பட்டவள். முப்பது தலைகளை வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாக மாற்றிக்கொள்ளும் இளவரசி லாங்விடியர் மூன்றாவது நாவலில் வருகிறாள். பாமிடம் அது அலங்கார மோகத்தைப் பற்றிய கேலி. படத்தில் கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக வைத்த தலைகள் ஒரே நேரத்தில் கண்திறந்து கத்த, தலையில்லாத உடல் எழுந்து சிறுமியை நோக்கி வருகிறது. குழந்தைகள் பயந்தார்கள் என்ற புகாருக்கு இந்தக் காட்சி முக்கியக் காரணம். புகார் நியாயமானதே. ஆனால் இது இடம்மாறிய காட்சியும் அல்ல: ஒரு குழந்தையின் தலைக்குள் இருப்பதை எடுத்துவிட நினைத்தவளின் முகம்தான் இங்கே குழந்தையின் தலையையே கேட்கிறது.

வில் வின்டன் குழுவினரின் களிமண் அசைவூட்டத்தில் உருவான நோம்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாறையில் ஒரு முகம் தோன்றி, பேசி, மீண்டும் பாறையாகும். நோம் அரசன் ஒரு விளையாட்டு வைக்கிறான். டோரதியின் தோழர்கள் ஒவ்வொருவராக அலங்காரப் பொருட்கள் நிறைந்த கூடத்துக்குள் சென்று, சோளக்கொல்லை பொம்மை எந்தப் பொருளாக மாற்றப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கவேண்டும். தவறினால் அவர்களும் பொருளாகிவிடுவார்கள். ஒவ்வொருவர் தோற்கும்போதும் அரசன் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைத்தன்மை நீங்கி மனிதனாகிறான். அவன் முழு மனிதனாக நெருங்கும்போதுதான் வொர்லியின் முகம் துலங்குகிறது. இந்த வளர்ச்சி மர்ச்சின் சேர்ப்பு, படத்தின் மிக நல்ல கண்டுபிடிப்பு. பாமின் நாவலில் விளையாட்டு மட்டுமே உண்டு. இக்காட்சிகளுக்கும் சேர்த்துப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

அரசனின் காலில் டோரதி தொலைத்த மாணிக்கக் காலணிகள் இருக்கின்றன. பாமின் நூலில் அவை வெள்ளிக் காலணிகள். சிவப்பு நிறம் எம்ஜிஎம் கண்டுபிடித்தது. அதைப் பயன்படுத்த டிஸ்னி அந்நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியது. நூலுக்கு உண்மையான படம் என்ற வாதத்துக்கு எதிராக இதுவே போதுமான சான்று. மர்ச் பாமுடன் மட்டுமல்ல, எம்ஜிஎம்முடனும் உரையாடிக்கொண்டிருந்தார்.

குறைகள்

மருத்துவமனைக் காட்சிகளின் இறுக்கம் ஓஸ் நாட்டில் அடிக்கடி தளர்கிறது. பூசணித்தலை ஜாக் டோரதியை அம்மா என்று அழைப்பது முதல்முறை நெகிழ்ச்சி தருகிறது, பிறகு பழகிவிடுகிறது. பழைய தோழர்கள் கடைசிக் கொண்டாட்டத்தில் அணிவகுக்க மட்டுமே வருகிறார்கள். தகர மனிதனையும் சிங்கத்தையும் தேடிவந்த பார்வையாளருக்கு அது ஏமாற்றமே. இரண்டாவது நாவலின் ஆச்சரியம், மொம்பியிடம் வளரும் டிப் என்ற சிறுவன்தான் சூனியத்தால் உருமாற்றப்பட்ட ஓஸ்மா இளவரசி என்பது. அதைப் படம் விட்டுவிட்டது. இங்கே ஓஸ்மா கண்ணாடிக்குள் சிறைப்பட்ட பெண். ஆற்றங்கரைவரை கூட வந்த அந்தப் பெயரற்ற சிறுமியின் முகம் அவளுக்கு.

கண்ணாடி

பாமிடம் அவநம்பிக்கை இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆறாவது நூலான 'தி எமரால்டு சிட்டி ஆஃப் ஓஸ்' (1910) தொடங்கும்போது, டோரதி சொல்லும் கதைகளை ஹென்றி மாமாவால் முழுதாக நம்பமுடியவில்லை. சூறாவளி தூக்கிப்போன வீட்டுக்குப் பதிலாகப் புதுவீடு கட்ட வாங்கிய கடனால் பண்ணையே கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கிறார். கடன், பாதிவீடு, நம்பாத மாமா ஆகிய இவையெல்லாம்தான் மர்ச்சின் கான்சாஸாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் பாம் இதற்கு எளிய தீர்வு வைத்திருந்தார். டோரதி ஓஸ்மாவிடம் கேட்டுக்கொள்கிறாள். மாமாவும் அத்தையும் ஓஸ் நாட்டுக்கே கொண்டுவரப்பட்டு அங்கேயே குடியேறுகிறார்கள். பெரியவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

மர்ச்சின் படத்தில் அப்படி நடப்பதில்லை. டோரதி ஆற்றங்கரையில் கண்டெடுக்கப்படுகிறாள். மருத்துவமனை இடி விழுந்து எரிந்துவிட்டது, இயந்திரங்களைக் காப்பாற்றப் போன வொர்லி இறந்துவிட்டார், செவிலியைக் கூண்டு வண்டியில் கொண்டு போகிறார்கள். வீடு கட்டி முடிகிறது. புதிய அறையில் டோரதி கண்ணாடியைப் பார்க்கிறாள். அதில் ஓஸ்மாவும் பில்லினாவும் தெரிகிறார்கள். மகிழ்ச்சியில் அத்தையைக் கூப்பிடுகிறாள். ஓஸ்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். அத்தை உள்ளே வந்து என்ன என்று கேட்கும்போது, கண்ணாடியில் தெரிந்த நிழல்தான் என்று சொல்லிவிடுகிறாள் சிறுமி. அவள் முதல்முறையாகப் பெரியவர்களிடம் ஓஸ் பற்றிப் பேசாமல் விடும் இடம் அது. அத்தைக்கு நிம்மதி. டோரதி டோட்டோவை அழைத்துக்கொண்டு வெயிலில் விளையாட ஓடுகிறாள்.