திரையில் விடை இருக்கிறது, வினா எங்கே?

2018-ஆம் ஆண்டு தமிழக அரசு 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்களை வெளியிட்டது. மற்ற வகுப்புகளுக்கும் அடுத்தடுத்து வந்தன. சென்னை கல்லூரிச் சாலையிலுள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய அந்நூல்களில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, செல்போனைக் காட்டினால் விளக்கப் படத்தைத் திறக்கும் கியூ.ஆர். குறியீடு. மற்றொன்று, பாட இறுதியில் வரும் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதி. மயிலாப்பூர் மாணவனும் மானாமதுரை மாணவனும் ஒரே அசையும் படத்தைக் காண வழி பிறந்தது. இது பாராட்டத்தக்க முயற்சியே.

ஆனால் இணையச் செயல்பாட்டின் அமைப்பைச் சற்று கவனிப்போம். முதற்படி, முகவரியைத் திறத்தல். அடுத்து, பொத்தானை அழுத்துதல். பின்னர் காட்சியைக் காணுதல். பெரும்பாலும் இவ்வளவுதான். மாணவன் எதைக் கண்டறிய வேண்டும், முன்கூட்டி என்ன ஊகிக்க வேண்டும், ஊகம் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பவை இல்லை. விரல் வேலை செய்கிறது, மூளைக்கு ஓய்வு!

குறை கருவியில் இல்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ கணினிச் சோதனைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று ஊசல் பற்றியது. அதைத் திறக்குமுன் வகுப்பில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடலாம். 1 மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நீளத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகுமா? மாணவர்கள் முதலில் ஊகத்தை எழுதட்டும், பிறகு அளக்கட்டும். ஆகாது, 25 செ.மீ. ஆக்கினால்தான் 1 விநாடி வரும்.

இப்போது திரைக்கு வரலாம். அங்கே உராய்வை அடியோடு நீக்கலாம். வகுப்பில் இது இயலாது. ஊசலை 60 பாகை இழுத்துவிட்டால் நேரம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. வீச்சைப் பொறுத்து நேரம் மாறாது என்ற விதி சிறு கோணங்களுக்கே பொருந்தும் என்பதை மாணவனே கண்டுபிடிக்கிறான். அதே சோதனையில் ஈர்ப்பு எவ்வளவென்று சொல்லப்படாத ‘எக்ஸ்’ கோள் ஒன்றும் உண்டு. அலைவு நேரத்தை அளந்து ஈர்ப்பைக் கணக்கிட வேண்டும். இத்தகைய வினாவையல்லவா பாடநூல் கேட்க வேண்டும்?

செல்போன் வீடியோ பார்க்க மட்டுமல்ல, அளக்கவும் உதவும். ஒலி அளக்கும் செயலியுடன் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும், அடையாற்றின் குடியிருப்புத் தெரு ஒன்றிலும் மாணவர்கள் அளந்து பார்க்கலாம். நம் நாட்டு விதிகளின்படி பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் வரம்பு. 10 டெசிபல் வேறுபாடு என்றால் ஒலிச் செறிவு பத்து மடங்கு! ஒரே இடத்தில் இரு செல்போன்கள் இருவேறு எண்களைக் காட்டக்கூடும். எது சரி? ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கருவியையும் நம்பலாகாது என்ற பாடம் அங்கே தொடங்குகிறது.

“தேர்வுக்கே நேரம் போதவில்லை, எல்லா வீட்டிலும் செல்போன் இல்லை” என்று ஆசிரியர்கள் கூறுவது நியாயமே. ஐந்து பேருக்கு ஒரு செல்போன் போதும். நூலும் கல்லும் எங்கும் கிடைக்கும். ஆனால் நேரம்? பொதுத்தேர்வில் இத்தகைய வினா ஒன்றாவது வந்தால்தான் வகுப்பில் இதற்கு நேரம் கிடைக்கும். எனவே மாற்றம் வினாத்தாளிலும் வரவேண்டும்.

பாடநூல்களைத் திருத்துவோர், ஒவ்வொரு இணையச் செயல்பாட்டின் தலையிலும் ஒரு வினாவையும், ஊகத்தை எழுத இரண்டு வெற்று வரிகளையும் சேர்க்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. அதுவரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்துமுன் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிவிடலாமே!