டீலியாவின் பாட்டும் இரட்டுடுத்தியோரும்

அமெரிக்க நாட்டின் கிராமிய இசையில் 'கோதிக் கன்ட்ரி' என்று அழைக்கப்பெறும் ஒரு கிளை உண்டு. குதிரையும் காதலும் நெடுஞ்சாலையும் அதில் பின்னே ஒதுங்கிவிடும்; கொலை, பாவம், மரணம், தீர்ப்பு நாள் ஆகியவையே முன் நிற்கும். பான்ஜோ அதன் முதன்மையான வாத்தியங்களுள் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் அமைத்துக்கொண்ட சுரைக்குடுக்கைக் கருவியே அதன் மூதாதை. இசை பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் இங்குக் கிளறப் போவதில்லை. இப்பாடல்களை இலக்கியமாக வைத்தே நோக்குகின்றோம்.

1994-இல் வெளிவந்தது ஜானி கேஷின் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்'. அறுபதைக் கடந்த குரல், ஒரேயொரு கிதார், வீட்டுக் கூடத்தில் பதிவான பல பாடல்கள், அலங்காரம் ஏதுமில்லை. தொகுப்பின் முதற்பாட்டான 'டீலியாஸ் கான்' ஒரு கொலைச்சிந்து. கொன்றவனே பாடுகின்றான். அவளை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டதைச் சொல்லுகின்றான். அவள் நடத்தையையும் பழிக்கின்றான். சிறையில் இரவெல்லாம் அவள் காலடியோசை கேட்பதாகப் புலம்புகின்றான்.

உண்மையில் டீலியா கிரீன் என்பவள் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமி. 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில், ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் சுடப்பட்டு இறந்தாள். சுட்டவனும் ஏறத்தாழ அவள் வயதினனே. பாட்டு வாய்வழியே பரவப் பரவ, சிறுமி மறைந்துபோனாள். பழிக்கத்தக்க ஒருத்தி அவ்விடத்தில் வந்து அமர்ந்தாள்.

கன்ஸா (ரலி) அவர்கள் தம் சகோதரர் ஸக்ரை நினைந்து பாடிய மர்ஸியாக்களைக் கற்றோர், இறந்தவரின் கொடையையும் வீரத்தையும் அறிந்து எழுவர். டீலியாவின் பாட்டைக் கேட்டு எழுவோர் அவளைப் பற்றி யாதும் அறியார். கொன்றவனின் உறக்கமின்மையை மட்டுமே அறிவர். கேஷின் குரல் மகத்தானது. அதனாலேயே இக்குறை நம்மை உறுத்துகின்றது.

டென்வர் நகரத்துக் குழுவான 'சிக்ஸ்டீன் ஹார்ஸ்பவர்' 1996-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'இரட்டும் சாம்பலும்' எனப் பொருள்படும். பைபிளின்படி, நினிவே மக்கள், அதாவது நபி யூனுஸ் (அலை) அவர்களின் சமூகத்தார், இரட்டுடுத்தி மனம் வருந்தினர். அவர்தம் அரசன் சாம்பலில் அமர்ந்தான். குழுவின் தலைவர் டேவிட் யூஜீன் எட்வர்ட்ஸ் ஒரு பிரசங்கியாரின் பேரர். கொள்கையில் அவர் வழி வேறு, நம் வழி வேறு. எனினும் அவர் பாட்டில் குற்றவாளிக் கூண்டில் பெரும்பாலும் நிற்பவர் அவரேதாம். பழியைச் சுமத்த ஒரு பெண்ணை அவர் தேடுவதில்லை. தவ்பா என்பதன் நடுக்கம் அக்குரலில் உண்டு. வேகம் மிகுந்த இடங்களில் சொல் விளங்காமல் ஓலமாகிவிடுவது மட்டுமே குறை.

'ஹேண்ட்ஸம் ஃபேமிலி' என்பது கணவன் மனைவி இருவரின் குழு. மனைவி ரென்னி ஸ்பார்க்ஸ் எழுத, கணவர் பிரெட் இசையமைக்கின்றார். 2003-இல் வந்த 'சிங்கிங் போன்ஸ்' தொகுப்பிலுள்ள ஒரு பாட்டு, 2014-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையாகிப் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் 1998-இன் 'த்ரூ தி ட்ரீஸ்' தொகுப்பையே நாம் மேலாகக் கருதுகின்றோம்.

புதிதாகக் கேட்கப் புகுவோர் எட்வர்ட்ஸிடமிருந்து தொடங்கலாம். கேஷின் தொகுப்பை நாம் இரண்டாம் பாட்டிலிருந்தே கேட்பது வழக்கம்.