யாருக்குத் திறந்த வீடு?

வீடு கட்டும் கலை பற்றி எழுதுகிறவர்கள் திண்ணையையும் முற்றத்தையும் விட்டு இறங்குவதே இல்லை. தெருவுக்குத் திறந்த திண்ணை, வானத்துக்குத் திறந்த முற்றம், இரண்டுக்கும் நடுவில் அந்தரங்கம். நவீன வீட்டுக்கு இதுதான் பாடம் என்கிறார்கள். யாருக்குத் திறந்திருந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

எங்க அம்மா நாற்பது வருஷம் ஊர்த்தெருவில் ஒரே வீட்டுக்கு வேலை செஞ்சுது. சாணி அள்ளும், நெல் புடைக்கும். கூலி வாங்கக் கொல்லைப்பக்கம்தான் போகணும். அந்த வூட்டு முற்றம் எப்படி இருக்கும்னு ஒருநாள் கேட்டேன். "யாரு கண்டா" என்றது. திண்ணை வழிப்போக்கனுக்காம். எந்தச் சாதி வழிப்போக்கனுக்கு? திண்ணை, நடை, முற்றம், அடுப்படி என்று உள்ளே போகப் போகத் தீட்டு இறுகிக்கொண்டே போகிற வீடு அது. இதற்கு அந்தரங்கம் என்று பெயர் வைப்பது பொய். அது சாதிச் சல்லடை.

சேரியில் திறப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரே அறை. அண்ணனுக்குக் கல்யாணமானதும் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். குளிக்க நாலு கீத்துத் தடுப்பு. இருட்டும்வரை அக்கா காத்துக் கிடக்கும். 1985இல் வந்த இந்திரா ஆவாஸ் யோஜனா ஒரு வீட்டுக்கு 20 சதுர மீட்டர் என்றது. 2016இல் வந்த பிரதமர் திட்டம் கிராமத்தில் அதை 25 ஆக்கியது. முப்பது வருஷத்துக்கு ஐந்து மீட்டர். இதில் எதைத் திறப்பது, எதை மூடுவது?

சிலர் யோசித்திருக்கிறார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்பினார். காற்று வரும், பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது, ஜன்னல் செலவும் மிச்சம். (ராத்திரி விளக்குப் போட்டால் தெரியும்.) சார்லஸ் கொரியா 1980களில் நவி மும்பை பேலாப்பூரில் ஏழேழு வீடுகளை ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வைத்தார். அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டாது. காசு சேரும்போது அவரவர் கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஏழைக்கும் தனிச்சுவர் வேண்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த ஏழில் எந்த ஏழு பேர் குடிவருவார்கள் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

நாங்கள் இரண்டு அறை வீடு கட்டியபோது திண்ணை வைக்கலாமா என்று கொத்தனார் கேட்டார். அம்மா குறுக்கே வந்தது: "மொதல்ல குளிக்கிற ரூமுக்கு உள்தாப்பா போடச் சொல்லு." போட்டோம். மேலே காற்றுக்கு நாலு வரிசை ஜாலி. அதில் இரண்டு கல் கோணல்.